ஜிபிஏ குறைந்த பிள்ளைக்கு எது சரி: கம்யூனிட்டி காலேஜா, கிடைத்த யூனிவர்சிட்டியா?

கலிஃபோர்னியாவில் வசிக்கிறீர்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளையின் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.7 என்று வைத்துக்கொள்வோம். யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கேம்பஸ் எதிலும் ஃப்ரெஷ்மேனாக, அதாவது முதல் வருட மாணவராக, விண்ணப்பிக்க மாநில மாணவர்களுக்கே குறைந்தது 3.0 வேண்டும். அதனால் அந்தப் பேச்சு இப்போதைக்கு இல்லை. மிச்சம் இருப்பவை நான்கு. கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு நான்கு வருட யூனிவர்சிட்டிக்கு மாறலாம். இடம் கொடுக்கிற கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) கேம்பஸ் ஒன்றில் நேராகச் சேரலாம். கடன் வாங்கி ஒரு தனியார் அல்லது வெளிமாநில யூனிவர்சிட்டிக்கு அனுப்பலாம். ஊருக்கு அனுப்பி எஞ்சினியரிங் சேர்க்கலாம். ஃப்ரீமாண்ட், சான் ரமோன், ஃபோல்சம், இர்வைன் என்று தமிழர்கள் நிறைய இருக்கிற ஊர்களில் இந்த நான்கைச் சுற்றித்தான் பேச்சு ஓடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் காலேஜ் என்று யோசிப்பதற்கு முன்னால் மார்க் ஏன் குறைந்தது என்று பாருங்கள். ஒரே வருடத்தில் காலேஜ் அளவிலான நான்கைந்து ஏபி பாடங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு திணறிய பிள்ளையும், காலையில் எழுந்து வகுப்புக்கே போகாத பிள்ளையும் ஒரே 2.7 வாங்கியிருக்கலாம். பத்தாம் வகுப்பின் நடுவில் சென்னையிலிருந்து வந்து இங்கத்திய முறை பிடிபடாமல் போன பிள்ளை, உடம்புக்கு முடியாமல் ஒரு வருடம் போன பிள்ளை, கவனக் குறைபாடு இருந்தும் யாரும் கண்டுபிடிக்காத பிள்ளை, இவர்களுக்கும் எண் ஒன்றுதான். ஆனால் இவர்களுக்கு உதவப்போகும் இடம் ஒன்றல்ல.

கம்யூனிட்டி காலேஜ் என்றதும் நம் வீடுகளில் முகம் மாறுகிறது. அதற்குக் காரணம் இந்த அமைப்பு எதற்காக உருவானது என்று தெரியாததுதான். 1960-ல் கலிஃபோர்னியா ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. ஹைஸ்கூல் முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட், மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மூன்றாம் வருடத்தில் யூசிக்கோ கால் ஸ்டேட்டுக்கோ மாறிக்கொள்ள ஒரு பாதை. அதாவது டிரான்ஸ்ஃபர் என்பது பின்வாசல் கிடையாது, திட்டத்திலேயே இருந்த வாசல். இன்றைக்கும் இரண்டு ஃப்ரெஷ்மேனுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பதுதான் யூசி வைத்திருக்கும் இலக்கு. படித்து முடித்தபின் கையில் வரும் டிகிரியில் யூசி டேவிஸ் என்றுதான் இருக்கும். இரண்டு வருடம் வேறு இடத்தில் படித்தார் என்ற குறிப்பு அதில் வராது. ஹேவர்டில் இருக்கும் ஷபோ காலேஜில் தொடங்கியவர்தான் நடிகர் டாம் ஹாங்க்ஸ். தன் எஸ்ஏடி நுழைவுத்தேர்வு மதிப்பெண் மோசம், அதனால்தான் அங்கே போனேன் என்று 2015-ல் அவரே நாளிதழில் எழுதினார்.

மாநிலத்தில் இப்படி 116 காலேஜ்கள் இருக்கின்றன. ஹைஸ்கூல் டிப்ளமா இருந்தால் போதும், ஜிபிஏ என்ன என்று கேட்கமாட்டார்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை எண்ணும் கணக்கு) 46 டாலர், 2012 முதல் இதே கட்டணம்தான். வருடத்துக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். கால் ஸ்டேட்டில் 2025-26-க்கான டியூஷன் மட்டும் 6,450, யூசியில் ஏறக்குறைய 15,000. தங்கும் செலவு தனி. முதல்முறையாக, முழுநேரமாகச் சேருபவர்களுக்கு இரண்டு வருடம் அந்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிற காலேஜ்கள் பல இருக்கின்றன. பணம் மட்டும்தான் கேள்வி என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம், பழைய மார்க் மறைந்துபோவது. மாற்றிக்கொள்ளக்கூடிய 60 செமஸ்டர் யூனிட்டுகளை முடித்துவிட்டு ஜூனியராக, அதாவது மூன்றாம் வருட மாணவராக, விண்ணப்பித்தால், ஹைஸ்கூல் கிரேடுகளை வைத்து யூசி தேர்வு செய்வதில்லை. ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் வாங்கிய டி அத்தோடு போயிற்று. யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸான யூசிஎல்ஏவுக்கு ஃப்ரெஷ்மேனாக விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபராக விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு கேம்பஸ்கள் ‘டேக்’ என்ற பெயரில் எழுத்துப்பூர்வமாகவே உத்தரவாதம் கொடுக்கின்றன: குறிப்பிட்ட பாடங்களை முடித்து, குறிப்பிட்ட ஜிபிஏ வைத்திருந்தால் இடம் நிச்சயம். ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் இது கிடையாது.

இன்னொரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ஹைஸ்கூல் மார்க் குறைந்தவர்களை ஒரு தேர்வு வைத்து, யூனிட் கணக்கில் சேராத அடிப்படைக் கணக்கு, அடிப்படை ஆங்கில வகுப்புகளில் போட்டுவிடுவார்கள். அதிலேயே ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடிப்போய், பாதிப் பேர் சோர்ந்து நின்றுவிடுவார்கள். 2017-ல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டத்துக்குப் பிறகு அந்த வழக்கம் ஏறக்குறைய ஒழிந்தது. முதல் நாளிலிருந்தே யூசியில் செல்லுபடியாகும் வகுப்பில் உட்காரலாம்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் மாறிப் போய்விட வேண்டுமே? போவதில்லை. மாறும் எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் நான்கு வருடத்துக்குள் மாறினார் என்று மாநிலத் தணிக்கையாளர் 2024-ல் அறிக்கை கொடுத்தார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் நிலைமை வேறாக இருக்கலாம். ஆனாலும் அந்த எண்ணைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உள்ளே வருவது சுலபம், இரண்டு வருடத்தில் வெளியே போவதுதான் கடினம்.

ஏன் கடினம் என்பதற்கு மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. இதைப் பெற்றோர் யாரும் சேரும்போது கவனிப்பதில்லை. ஆகஸ்டில் சேருகிற பிள்ளை டேக் விண்ணப்பம் போடுவது அடுத்த வருட செப்டம்பரில். யூசி விண்ணப்பத்தை நவம்பர் முடிவுக்குள் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் இருப்பது முதல் வருடத்தின் இரண்டு செமஸ்டர், ஒரு கோடை வகுப்பு, அவ்வளவுதான். இரண்டாம் வருட இலையுதிர் செமஸ்டர் கிரேடுகளை ஜனவரியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே ‘முதல் செமஸ்டர் பழகிக்கொள்ளட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல இங்கே இடமே இல்லை. ஹைஸ்கூலின் நான்கு வருட மார்க் மறைந்துவிடும், காலேஜின் முதல் மூன்றரை மாத மார்க் மறையாது. டி, எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், புதிய கிரேடு கணக்கில் வரும், ஆனால் பழையதும் டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், அதற்குள் ஒரு செமஸ்டரும் போயிருக்கும். ஹைஸ்கூலில் படித்துக்கொண்டே ஓலோனி, டி ஆன்சா மாதிரி கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் ட்யூயல் என்ரோல்மென்ட் வகுப்பு எடுத்திருந்தால், அந்த கிரேடு ஏற்கனவே காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். மெடிக்கல் ஸ்கூல் கனவு இருக்கிற வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே விண்ணப்பிக்கும்போது எந்தக் காலேஜில் எடுத்த பாடமானாலும் எல்லா கிரேடும் கணக்கில் வரும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், எஞ்சினியரிங் என்றால் இன்னொரு முடிச்சு. மேலே யூசிஎல்ஏவுக்குச் சொன்ன நான்கில் ஒருவர் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது, போட்டி மிக அதிகம். சான்டா பார்பராவில் எஞ்சினியரிங்குக்கு டேக் கிடையாது, மற்ற கேம்பஸ்களிலும் எந்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) உண்டு, எதற்கு இல்லை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதோடு கணக்குப் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ப்ரீகால்குலஸில் தொடங்குகிற பிள்ளை கால்குலஸ் மூன்றையும் முடித்து லீனியர் அல்ஜீப்ராவுக்கு வர ஐந்து டெர்ம் ஆகும், நடுவில் ஒன்று தவறினால் மூன்றாவது வருடம் நிச்சயம். கணக்கு பலவீனமான பிள்ளையை இந்த மேஜரில் இரண்டு வருடத்தில் மாறச் சொல்லி நெருக்குவது நியாயமில்லை. மூன்று வருடம் என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள், பிள்ளை மூச்சு விட்டுப் படிக்கும்.

இப்போது கால் ஸ்டேட். ஹைஸ்கூலில் எடுத்திருக்க வேண்டிய, ஏ-ஜி என்று சொல்லும் 15 பாடங்களிலும் சி மைனஸ் அல்லது அதற்கு மேல் இருந்து, ஜிபிஏ 2.5 இருந்தால், கலிஃபோர்னியா மாணவர் இந்த அமைப்பில் சேரத் தகுதி பெற்றவர். 2022-ல் எஸ்ஏடியையும் நீக்கிவிட்டார்கள். அந்த ஜிபிஏயில் பத்தும் பதினொன்றும்தான் சேரும், ஒன்பதாம் வகுப்பு சேராது. சில வீடுகளில் 2.3 என்று பயந்துகொண்டிருப்பார்கள், சரியாகக் கணக்குப் போட்டால் 2.6 வரும். சான் ஹோசே, சான் டியேகோ, லாங் பீச் மாதிரியான இடங்களில் தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம். ஈஸ்ட் பே, ஸ்டானிஸ்லாஸ், ஹம்போல்ட் பக்கம் கிடைக்கும்.

பலர் இதைக் கம்யூனிட்டி காலேஜைவிட ஒரு படி மேல் என்று நினைத்து, ‘முதலில் இங்கே சேருவோம், அப்புறம் யூசிக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று திட்டமிடுகிறார்கள். இது தவறான கணக்கு. யூசி டிரான்ஸ்ஃபரில் முதல் உரிமை கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான். நான்கு வருடக் காலேஜிலிருந்து வருபவர்கள் அதற்குப் பின்னால்தான். டேக் உத்தரவாதமும் அவர்களுக்குக் கிடையாது. யூசி வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கால் ஸ்டேட்டை இடைவழியாக வைக்காதீர்கள். கால் ஸ்டேட்டில் சேர்ந்தால் அங்கேயே முடிப்பது என்ற மனதோடு சேருங்கள்.

அந்த மனது இருந்தால் அது நல்ல வழி, சில பிள்ளைகளுக்கு மிகச் சிறந்த வழியும் அதுதான். விரும்பிய மேஜரில் நேராக இடம் கிடைக்கிறது, பிள்ளைக்கு வீட்டை விட்டு வெளியே போனால் மாறுவான் போலிருக்கிறது என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். நர்சிங் மாதிரிச் சில மேஜர்களைத் தவிர, டிரான்ஸ்ஃபர் பதற்றம் இல்லாமல் நான்கு வருடம் ஒரே இடத்தில் நண்பர்களோடு ஓடும். கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் ஹாஸ்டல் கிடையாது. அதே அறை, அதே போன், சாப்பாட்டு மேசையில் அதே வாக்குவாதம். ஹைஸ்கூலில் மார்க் குறையக் காரணமே வீட்டுச் சூழல் என்றால், வீட்டிலிருந்தே காலேஜ் போகச் சொல்வது எதையும் மாற்றாது.

தனியார், வெளிமாநில யூனிவர்சிட்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2.7-க்கு இடம் கொடுக்கிற இடங்கள் நிறைய உண்டு. வருடத்துக்கு 40,000, 50,000 டாலர் என்று ஆகும்போது, அந்தப் பெயருக்காகவா, படிப்புக்காகவா, கேட்கிறவர்களிடம் சொல்ல ஒரு விடைக்காகவா கொடுக்கிறோம் என்று ராத்திரி உட்கார்ந்து நேர்மையாகப் பேசுங்கள். கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கென்றே நல்ல உதவி மையம் வைத்திருக்கிற சிறிய தனியார் காலேஜ் என்றால் அது வேறு பேச்சு. அதற்குக் கொடுக்கிற பணத்துக்கு அர்த்தம் உண்டு. பெற்றோர் பெயரில் பெரிய கடன் எடுத்து, முதல் வருடத்திலேயே பிள்ளை திரும்பி வந்துவிட்டால், கடன் அப்படியே நிற்கும், கம்யூனிட்டி காலேஜில் அந்த மோசமான டிரான்ஸ்கிரிப்டோடுதான் மறுபடி தொடங்க வேண்டும்.

ஊருக்கு அனுப்புவது. தமிழ்நாட்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் என்ஆர்ஐ இடங்கள் இருக்கின்றன, அமெரிக்க டிப்ளமாவுக்கு ஏஐயூவின் (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) சமநிலைச் சான்றிதழ் வாங்கினால் சேர முடியும். தாத்தா பாட்டி அருகில் இருக்கிறார்கள், பிள்ளையே ஆசைப்படுகிறது என்றால் சரி. கணக்கும் இயற்பியலும் இங்கே எட்டாத பிள்ளைக்கு அங்கே எட்டிவிடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தண்டனையாக அனுப்பும் வீடுகளைப் பார்த்தால் மனது வலிக்கிறது.

சரி, கம்யூனிட்டி காலேஜ்தான் என்று முடிவானால் எது? பே ஏரியாவில் எல்லோரும் டி ஆன்சா என்பார்கள். நல்ல காலேஜ்தான், ஸ்டீவ் வாஸ்னியாக் படித்த இடம், யூசிக்கு மாறிப் போகிறவர்கள் நிறைய. ஆனால் டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை. பன்னிரண்டு வாரத்தில் பாடம் முடிந்துவிடும், நான்காவது வாரத்தில் முதல் மிட்டர்ம் வந்து நிற்கும். ஓலோனி, மிஷன், லாஸ் பாசிடாஸ், டயப்லோ வேலி எல்லாம் செமஸ்டர். ஒரு தேர்வில் சறுக்கினாலும் எழுந்து நிற்க நாள் இருக்கிறது. வேகமாகப் படிக்கிற, ஆனால் சீக்கிரம் சலித்துப்போகிற பிள்ளைக்கு குவார்ட்டர். மெதுவாகச் சூடேறுகிற பிள்ளைக்கு செமஸ்டர். காலேஜின் பெயரைவிட இதுதான் முதல் வருட கிரேடைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசியில் எதற்கு ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் மேஜர்வாரியாகப் பார்க்கலாம். கவுன்சிலரைப் பார்க்கப் போகும் முன் பிள்ளை அதைத் தன் கையால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

பெற்றோருக்கு அதிர்ச்சியாக வரும் விஷயம் ஒன்று. காலேஜில் சேர்ந்துவிட்டால், வயது பதினேழாக இருந்தாலும், பிள்ளையின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கிரேடைக் காலேஜ் உங்களுக்குச் சொல்லாது. ஹைஸ்கூல் மாதிரி ராத்திரி பத்து மணிக்கு லாகின் செய்து ‘ஏன் இந்த அசைன்மென்ட் விட்டுப்போச்சு’ என்று கேட்க முடியாது. அதேபோல, ஹைஸ்கூலில் ஐஇபி அல்லது 504 என்ற உதவித் திட்டம் இருந்து தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைத்திருந்தால், அது தானாகக் காலேஜுக்கு வராது. குறைபாடுள்ள மாணவர்களுக்கு உதவும் டிஎஸ்பிஎஸ் அலுவலகத்தில் பிள்ளையே போய்ப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு முதல் மிட்டர்மிலேயே மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. இதுவரை பரிசோதனையே செய்யாதவர்கள், கவனக் குறைபாடு பற்றிச் சந்தேகம் இருந்தால், சேருவதற்கு முந்திய கோடையிலேயே மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கலிஃபோர்னியாவில் வசிப்பதை நிரூபித்தால் மாநிலக் கட்டணம் கிடைக்கும், மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது. 21 வயதில் அந்த விசா முடிந்து மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினால் வெளியார் கட்டணம் வந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் மூன்று வருடம் எடுத்தால் யூசியில் இருக்கும் இரண்டு வருடமும் அந்தக் கட்டணத்தில் விழலாம். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பங்கள் பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். இவர்களுக்கு மட்டும், நேராகக் கால் ஸ்டேட் சேருவது மலிவாகவே முடியலாம்.

யாராவது ‘எங்கே சேர்ந்திருக்கான்?’ என்று கேட்டால், தயங்காமல் காலேஜ் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் ‘இப்போதைக்கு... பக்கத்துல...’ என்று இழுப்பதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முதல் செமஸ்டரில் அதிகாலை வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்த இழுப்பும் தீர்மானிக்கிறது.

விண்ணப்பம் இலவசம், கணினியில் அரை மணி நேரத்தில் முடியும். ஓரியன்டேஷன், பிளேஸ்மென்ட் (எந்த நிலை வகுப்பு என்று முடிவு செய்வது), கவுன்சிலரோடு போடும் படிப்புத் திட்டம் மூன்றையும் முடித்தவர்களுக்குப் பாடம் பதிவு செய்யும் தேதி முன்கூட்டியே கிடைக்கும். விட்டால் கணக்கும் ஆங்கிலமும் நிரம்பிப்போயிருக்கும். மே மாதத்திலேயே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. முதல் செமஸ்டருக்கு 12 அல்லது 13 யூனிட் போதும், 12 இருந்தாலே முழுநேர மாணவர், குறையும் யூனிட்டைக் கோடையில் எடுத்துக்கொள்ளலாம். செமஸ்டர் காலேஜ்கள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும், டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் செப்டம்பர் கடைசியில்தான். ஆகஸ்ட் நடுவில்தான் முடிவெடுத்தீர்கள் என்றால் அந்த ஒரு மாதம் உங்களுக்கு உதவும். செமஸ்டர் காலேஜ்களில் அக்டோபரில் தொடங்கும் எட்டு வாரக் குறுகிய வகுப்புகளும் உண்டு, ஆனால் கணக்குப் பாடத்தை மட்டும் முதல் டெர்மில் அந்த வேகத்தில் எடுக்க விடாதீர்கள்.